கொல்கிற பொடியும் குடியேறுகிற பொடியும்
தாமிரபரணிக் கரைக் குறிப்புகள்

அம்பாசமுத்திரம், பிசானச் சாகுபடி நேரம்

உரக்கடை அலமாரியில் இரண்டு பொடிகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஒன்று சின்னப் பொட்டலம், 6 கிராம். ஸ்ட்ரெப்டோசைக்ளின். பத்தில் ஒன்பது பங்கு ஸ்ட்ரெப்டோமைசின், மீதி டெட்ராசைக்ளின். இரண்டுமே மனிதருக்கான மருந்துகள். இன்னொன்று ஒரு கிலோ பை. சூடோமோனாஸ். டால்க் மாவில் கலந்து உயிரோடு அடைத்த பாக்டீரியா. நெல்லில் வரும் பாக்டீரியா இலைக்கருகலுக்கு இரண்டையும் வாங்கிப் போகிறார்கள். முதல் பொடி போய்க் கொல்கிறது. இரண்டாவது போய்க் குடியேறுகிறது.

மருந்துக்கு மசியாத கிருமிகளால் 2019-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 12.7 லட்சம் பேர் நேரடியாக இறந்தார்கள் என்று 2022-இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு கணக்கிட்டது. அவ்வளவு பெரிய கணக்குக்கு எதிரே ஓர் உரக்கடை அலமாரியை வைத்துப் பார்ப்பது எனக்கு அவசியமாகப் படுகிறது. இரண்டு வழிகளும் அங்கே விலை போட்டு வைக்கப்பட்டிருக்கின்றன.

இலைக்கருகல்

நோயை உண்டாக்குவது சாந்தோமோனாஸ் ஒரைசே. இலை நுனியில் தொடங்கி விளிம்பு வழியாக அலை அலையாக மஞ்சள் இறங்கும். பிறகு வைக்கோல் நிறமாகக் காயும். விடியற்காலையில் பார்த்தால் இலை விளிம்பில் பால் போன்ற துளிகள் நிற்கும். அவ்வளவும் பாக்டீரியா. சந்தேகம் என்றால் இலையை நறுக்கிக் கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் நிறுத்த வேண்டும். வெட்டுவாயிலிருந்து கலங்கல் இறங்கினால் இதுதான்.

யூரியா கூடினால் நோயும் கூடும். காற்றோடு மழை அடித்தால் ஒரு வயலிலிருந்து அடுத்த வயலுக்குப் போகும். பிசானப் பயிர் வளர்வது வடகிழக்குப் பருவமழையில். ஆகவே பயம் நியாயமானது. மருந்து அடிக்கிறவரைக் குறை சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை.

மண்ணிலிருந்து வந்தவை

அந்தச் சின்னப் பொட்டலத்திலுள்ள இரண்டு மருந்துகளும் மண் பாக்டீரியாவிடமிருந்து எடுத்தவை. ஸ்ட்ரெப்டோமைசினை 1943-இல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில், வாக்ஸ்மனின் ஆய்வகத்தில், ஆல்பர்ட் ஷாட்ஸ் பிரித்தெடுத்தார். டெட்ராசைக்ளின் குடும்பத்தின் முதல் மருந்தான ஆரியோமைசின் 1948-இல் வெளிவந்தது. கண்டுபிடித்தவர் பெஞ்சமின் டக்கர். அவர் வேலை பார்த்த லெடர்லி ஆய்வகத்தில் ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்தவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ்.

மண்ணுக்குள் ஸ்ட்ரெப்டோமைசிஸ் பாக்டீரியா இந்தப் பொருளை இம்மியளவு சுரக்கிறது. தன் அண்டை அயலோடு நடக்கும் சண்டைக்கு அது போதும். நாம் அதைத் தொட்டி தொட்டியாக வளர்த்து, வடித்து, உயிரை நீக்கிவிட்டு, ஆயுதத்தை மட்டும் டன் கணக்கில் எடுத்தோம். எடுத்ததை உடம்பிலும் மாட்டிலும் கோழியிலும் வயலிலும் ஒரே நேரத்தில் கொட்டினோம். கோடிக்கணக்கான பாக்டீரியாவில் மருந்தைத் தாங்கும் ஒன்றிரண்டு எப்போதும் இருக்கும். மற்றவை செத்த இடமெல்லாம் அவற்றுக்குக் கிடைத்தது. எதிர்ப்புத்திறன் வளர்ந்த கதை இவ்வளவுதான்.

ஸ்ட்ரெப்டோமைசின் வந்த கையோடு எச்சரிக்கையும் வந்தது. காசநோய்க்கு அதைத் தனியாகக் கொடுத்த பிரிட்டிஷ் ஆய்வில் நோயாளிகள் முதலில் தேறினார்கள். சில மாதங்களுக்குள் பலரது கிருமி மருந்தைத் தாங்கிக்கொண்டது. காசநோய்க்கு மருந்துகளைச் சேர்த்தே கொடுக்க வேண்டும் என்ற விதி அப்படி வந்தது. 1956-இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு, கூட்டு மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் வீட்டிலிருந்தே குணமாகலாம் என்று உலகத்துக்குக் காட்டியது. அத்தனை கட்டுப்பாட்டோடு காப்பாற்றிய மருந்து, கைத்தெளிப்பானில் எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

2021 டிசம்பர்

பயிருக்கு ஸ்ட்ரெப்டோமைசினும் டெட்ராசைக்ளினும் அடிப்பதைப் படிப்படியாக நிறுத்த மத்திய வேளாண் அமைச்சகம் வரைவு ஆணை வெளியிட்டது. அதற்கு முன், 2019 ஜூலையில், உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குக் கொலிஸ்டின் கொடுப்பதைச் சுகாதார அமைச்சகம் தடை செய்தது. கொலிஸ்டின் தீவிர சிகிச்சைப் பிரிவில் எதுவும் கேட்காதபோது கடைசியாக எடுக்கும் மருந்துகளில் ஒன்று. கோழி எடை கூடுவதற்காக அதைத் தீவனத்தில் கலந்துகொண்டிருந்தார்கள்.

தடை தேவை. ஆனால் ஒரு பொடியை அலமாரியிலிருந்து எடுத்தால் அந்த இடத்தில் வைக்க இன்னொன்று வேண்டும். இங்கே அது ஏற்கெனவே இருக்கிறது.

பி.எப். 1

கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் பி. வித்யாசேகரனும் அவரது குழுவும் சூடோமோனாஸ் புளோரசன்ஸ் என்ற வேர்மண்டல பாக்டீரியாவின் ஒரு வகையை டால்க் மாவில் நிலைநிறுத்தும் முறையை 1995-இல் வெளியிட்டார்கள். பி.எப். 1 என்பது அந்த வகையின் அடையாளம். தமிழ்நாட்டில் வேளாண்மை விரிவாக்க மையம் வரை போய்ச் சேர்ந்த அறிவியல் இது. கிலோ விதைக்கு 10 கிராம் விதை நேர்த்தி. நாற்றைப் பிடுங்கி நடுமுன் வேரை நனைத்தல். ஹெக்டேருக்கு இரண்டரை கிலோவைத் தொழுவுரத்தோடு கலந்து வயலில் தூவுதல். தேவைப்பட்டால் இலைமேல் தெளித்தல்.

அது என்ன செய்கிறது? முதலில் வேரைச் சுற்றி இடம் பிடிக்கிறது. பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடித்தவரை எழுப்புவது எவ்வளவு கடினமோ, பின்னால் வரும் கிருமிக்கு அவ்வளவு கடினம். அடுத்தது இரும்பு. மண்ணில் கரைந்த இரும்பு மிகக் குறைவு; அதைக் கவ்விப் பிடிக்கும் ஒரு சேர்மத்தைச் சூடோமோனாஸ் வெளிவிட்டு, இரும்பைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. புற ஊதா ஒளியில் மஞ்சள் கலந்த பச்சையாக மின்னுவது அந்தச் சேர்மம்தான். மூன்றாவது, தானே சில நுண்ணுயிர்க்கொல்லிகளைச் சுரக்கிறது, வேரின் மேல்தோல் அளவுக்கு மட்டும். நான்காவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. வேரில் குடியேறிய பாக்டீரியா, செடியின் தற்காப்பை முன்கூட்டியே உசுப்பி வைக்கிறது. அதனால்தான் வேரில் போட்டது இலையிலும் பலன் தருகிறது.

நான்கு வழியாக நெருக்கும்போது நான்குக்கும் ஒரே நேரத்தில் தப்பும் கிருமி தோன்றுவது அரிது. ஒரே மருந்தை மட்டும் சார்ந்திருப்பதைவிட இந்த வழி நீடிப்பதற்கு அதுவே காரணம்.

கல்லிடைக்குறிச்சி அருகில் ஒரு பேச்சு

"இலை கருகுன பொறவு சூடோமோனாஸ் அடிச்சா அது என்ன செய்யும் தம்பி? அது வெதைக்கும்போதே போட்டுரணும். நோய் வந்தப்பொறம் ஓடுறவனுக்கு அது ஒதவாது."

"அப்ப எதை அடிப்பீங்க அண்ணாச்சி?"

"சாணிக் கரைசல். புதுச் சாணியக் கரைச்சு, தெளிய வச்சு, வடிகட்டி அடிப்போம். யூரியாவ நிறுத்திருவோம்."

அந்த விவசாயி சொன்ன சாணிக் கரைசல் வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையிலேயே இருக்கிறது: லிட்டர் தண்ணீருக்கு 20 கிராம், நோய் தெரிந்ததும் ஒரு முறை, பதினைந்து நாளில் இன்னொரு முறை. அதைவிட அவர் முதலில் சொன்னதைத்தான் அடிக்கோடிட்டு வைத்துக்கொண்டேன். உயிருள்ள பாக்டீரியாவை மருந்தாக நினைத்து நோய்க்குப் பிறகு தேடினால் ஏமாற்றமே. அதற்குப் பருவம் உண்டு. நாற்றங்கால் அதன் பருவம்.

ஒத்துவராதவை

சூடோமோனாஸோடு ஸ்ட்ரெப்டோசைக்ளினைச் சேர்த்து அடிக்கக் கூடாது. கொல்கிற பொடிக்கு நல்லது கெட்டது தெரியாது. குடியேற வந்ததையும் சேர்த்து முடித்துவிடும்.

மனிதக் குடலிலும் இதேதான். ஐந்து நாள் ஆன்டிபயாடிக் சாப்பிட்டவரின் குடலில் நோய்க்கிருமியோடு சேர்ந்து காவலுக்கு இருந்தவையும் போய்விடுகின்றன. அந்தக் காலி இடத்தில் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிபிசில் போன்றவை வந்து உட்கார்ந்தால் வயிற்றுப்போக்கு உயிருக்கே ஆபத்தாகும். மறுபடி மறுபடி வரும் இந்த நோய்க்கு, ஆரோக்கியமானவர்களின் மலத்திலிருந்து பிரித்த பாக்டீரியாக்களை மருந்தாகக் கொடுக்க அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022-இலும் 2023-இலும் அனுமதி தந்தது. இரண்டாவது, வாய்வழி விழுங்கும் கேப்சூல். காலி வயலில் மறுபடி நாற்று நடுகிற வேலை மருத்துவமனைக்குள் வந்துவிட்டது.

வாழைக்கும் கேப்சூல்

ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கம் வாழை. வாடல் நோய்க்குக் கிழங்கில் சாய்வாக 10 செ.மீ. ஆழம் துளையிட்டு, சூடோமோனாஸ் அடைத்த கேப்சூலை வைத்து மண்ணால் மூடச் சொல்லும் பரிந்துரை இருக்கிறது. அது பூஞ்சை நோய்; ஆன்டிபயாடிக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் எழுதி வைக்கிறேன், உயிருள்ளதைச் சரியான இடத்தில் கொண்டுபோய் வைப்பது பாதி வேலை என்பதற்காக.

பாளையங்கோட்டை, மருந்துக்கடை வாசல்

"அண்ணாச்சி, காச்சலுக்கு ரெண்டு வேளைக்கு மாத்திர குடுங்க." எங்கேயும் கேட்கிற குரல். கொடுக்கிற மாத்திரையில் பல நேரம் அசித்ரோமைசினும் இருக்கும். காய்ச்சல் வைரஸால் வந்ததென்றால் அது எதையும் செய்யாது. குடலில் இருப்பவற்றுக்கு மட்டும் பயிற்சி கொடுத்துவிட்டுப் போகும்.

முக்கியமான ஆன்டிபயாடிக்குகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றதைத் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்ற எச்1 அட்டவணை 2014 மார்ச் முதல் நடைமுறையில் இருக்கிறது. அட்டையின் முதுகில் சிவப்புக் கோடு இருந்தால் டாக்டர் சீட்டு வேண்டும் என்ற பிரசாரம் 2016-இல் தொடங்கியது. செங்கோட்டை தாண்டினால் கேரளம். அங்கே 2024-இல் சீட்டில்லா விற்பனையைப் பிடிக்கத் திடீர்ச் சோதனைகளே நடத்தினார்கள்.

ஒரு நாள் கூலி போனால் அடுப்பெரியாத வீட்டுக்காரர் டாக்டரிடம் போகாமல் இங்கே வருவது ஏன் என்பது எனக்குப் புரிகிறது. அவரைத் திருத்துவதற்கு முன் அவர் தெருவுக்குப் பக்கத்திலுள்ள ஆரம்ப சுகாதார நிலையம் மாலையிலும் திறந்திருக்க வேண்டும்.

மலைக்கு அந்தப் பக்கம், 1972

கோழிக்கோட்டில் டைபாய்டு பரவியது. அதுவரை கைகொடுத்த குளோராம்பெனிகால் கேட்கவில்லை. அந்தத் தாங்கும் திறன் ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறக் கூடியது என்பதை அங்கிருந்த ஆய்வாளர்கள் அதே ஆண்டில் எழுதினார்கள். பிறகு சிப்ரோபிளாக்சசின் வந்தது. இப்போது இந்தியாவின் டைபாய்டுக் கிருமி பெரும்பாலும் அதற்கும் கேட்பதில்லை.

ஆனால் இன்னொரு செய்தியும் உண்டு. குளோராம்பெனிகாலைக் கொடுப்பது குறைந்து ஆண்டுகள் ஓடியபின், அதற்கு மறுபடி கட்டுப்படும் டைபாய்டுக் கிருமிகள் இந்தியாவின் பல ஊர்களில் தென்பட்டன. மருந்தைத் தாங்கும் மரபணுவைச் சுமப்பது பாக்டீரியாவுக்கும் பாரம்தான். நெருக்கடி இல்லையென்றால் பாரம் இல்லாதவை முந்திவிடுகின்றன. எப்போதும் இப்படி நடப்பதில்லை. சில எதிர்ப்புகள் திரும்பிப் போவதே இல்லை. நடந்த இடத்தில் நடந்ததை நம்பிக்கையாக வைத்துக்கொள்கிறேன்.

சென்னை, 2010

என்.டி.எம். 1 என்ற மரபணு. இது இருக்கும் பாக்டீரியாவிடம் கார்பபெனெம் வகை மருந்துகள் செல்லாது. 2010-இல் லான்செட் தொற்றுநோய் இதழில் வந்த கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. சென்னையில் 44, ஹரியாணாவில் 26, பிரிட்டனில் 37 மாதிரிகளில் அது கிடைத்தது. அந்தப் பெயரில் நியூ டெல்லி என்று தலைநகரின் பெயரை வைத்ததற்கு இந்திய அரசு ஆட்சேபம் தெரிவித்தது. அடுத்த ஆண்டு தில்லியில் 171 தேங்கிய நீர் மாதிரிகளில் 51-இலும், 50 குழாய் நீர் மாதிரிகளில் 2-இலும் அதே மரபணு இருந்ததாக இன்னொரு கட்டுரை வந்தது. 2012 ஆகஸ்டில் மருத்துவச் சங்கங்கள் சென்னையில் கூடி ஒரு செயல்திட்டம் வகுத்தன. சென்னைப் பிரகடனம் என்கிறார்கள்.

இந்த மரபணு பெரும்பாலும் பிளாஸ்மிட் என்ற சிறு வளையத்தில் இருக்கிறது. வளையம் ஒரு பாக்டீரியாவிலிருந்து வேறு இனப் பாக்டீரியாவுக்கும் தாவும். தாவுவதற்கு ஏற்ற இடம், மலக்கழிவும் மருந்து மிச்சமும் சேர்ந்து ஓடும் சாக்கடை.

ஆறு

தாமிரபரணி பொதிகையில் பிறந்து, பாபநாசத்தில் இறங்கி, கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகளில் வயலுக்குப் பிரிந்து, புன்னைக்காயலில் கடல் சேர்கிறது. வழியில் நெல்லும் வாழையும். வழியிலேயே திருநெல்வேலி நகரமும், அதன் கழிவுநீரும். கழிவுநீர் ஆற்றில் கலப்பதைப் பற்றி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்குகள் நடந்திருக்கின்றன. கரையோர ஊர்களும் தூத்துக்குடியும் குடிப்பது இந்தத் தண்ணீரை.

நோயாளியின் உடம்பிலிருந்து கழிவோடு வெளியேறும் மருந்தும், வயலிலிருந்து வடியும் ஸ்ட்ரெப்டோமைசினும், மாட்டுத் தொழுவத்துக் கழிவும் சந்திக்கும் இடம் ஆறு. மருத்துவமனைக்குள் எவ்வளவு கை கழுவினாலும் ஆற்றைக் கழுவாமல் இந்தப் பிரச்சினை முடியாது.

ஒடிசாவின் கிராமங்கள்

இதுவரை படித்தவற்றில் மனதை மிகவும் தொட்ட ஆய்வு. பினாகி பாணிகிரகி குழு, நேச்சர் இதழ், 2017. ஒடிசாவின் 149 கிராமங்களில் 4,556 பச்சிளங்குழந்தைகள். பாதிப் பேருக்குப் பிறந்த சில நாட்களில் தொடங்கி ஏழு நாள், லாக்டோபாசில்லஸ் பிளான்டாரம் என்ற பாக்டீரியாவும் அதற்கு உணவாக ஒரு வகைச் சர்க்கரையும். மற்றவர்களுக்கு வெறும் பொடி. இரண்டு மாதத்துக்குள் இரத்தத் தொற்றோ மரணமோ நேர்ந்தது வெறும் பொடி பெற்றவர்களில் 9 சதவீதம். பாக்டீரியா பெற்றவர்களில் 5.4. நாற்பது சதவீதம் குறைவு. மூச்சுக்குழல் தொற்றும் குறைந்தது.

தொற்று குறைந்தால் ஆன்டிபயாடிக் தேவையும் குறையும். கிருமியைக் கொல்லாமலே எதிர்ப்புத்திறனை எதிர்க்கும் வழி அது. நாற்றங்காலில் விதை நேர்த்தி செய்கிற அதே தர்க்கம், அதே நேரக்கணக்கு.

எச்சரிக்கையும் கூடவே: அந்த ஆய்வில் சேர்ந்தவை 35 வாரமும் 2 கிலோவும் தாண்டிய, நோயில்லாத, தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகள். மிகக் குறைமாதக் குழந்தைக்குக் கொடுத்த புரோபயாடிக் பாக்டீரியாவே இரத்தத்தில் புகுந்து ஆபத்தானதுண்டு. 2023-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதைப் பற்றி மருத்துவர்களை எச்சரித்தது. உயிருள்ள எதையும் யாருக்கும் கொடுக்கலாம் என்று நினைப்பதும் மருந்துக்கடைப் பழக்கமே.

மூக்கும் குடலும்

ஜெர்மனியின் டூபிங்கன், 2016: மூக்கில் ஸ்டேபிலோகாக்கஸ் லக்டுனென்சிஸ் குடியிருப்பவர்களில் 5.9 சதவீதத்தினரிடம்தான் ஸ்டேபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற நோய்க்கிருமி இருந்தது, இல்லாதவர்களில் 34.7. முதலாவது சுரக்கும் லக்டுனின் என்ற பொருள்தான் காவல்.

தாய்லாந்தின் கிராமத்து மக்கள் 200 பேர், 2018: பாசில்லஸ் இருந்த ஒருவரிடம்கூட ஆரியஸ் இல்லை. பாசில்லஸ் அதைக் கொல்வதில்லை. ஆரியஸ் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வேதிச் சமிக்ஞையை அடைத்துவிடுகிறது. பேச முடியாததால் அது குடலில் நிலைக்க முடியவில்லை. 2023-இல் வந்த அடுத்த ஆய்வில் பாசில்லஸ் சப்டிலிஸை 30 நாள் கொடுத்தபோது மலத்தில் ஆரியஸ் 96.8 சதவீதம் குறைந்தது.

பழையது

இங்கே ஒவ்வொரு வீட்டுக்காரரும் கேட்கும் கேள்வி: நம் பழைய சோற்றிலும் நல்ல பாக்டீரியா இருக்கிறதே? இருக்கிறது, லாக்டிக் அமிலம் உண்டாக்குபவை. நல்ல உணவு, நானும் சாப்பிடுகிறேன். ஆனால் எந்த வகை, எவ்வளவு எண்ணிக்கை, எந்தக் கிருமிக்கு எதிராக என்று பெயர் சொல்லி நிரூபித்தால்தான் சிகிச்சை. சூடோமோனாஸ் இனத்திலேயே புளோரசன்ஸ் வயலைக் காக்கிறது. ஏருஜினோசா மருத்துவமனையில் தீக்காயம் பட்டவரின் புண்ணைத் தாக்குகிறது. இனப்பெயர் போதாது. பி.எப். 1 வரைக்கும் போக வேண்டும்.

கடல் முகம்

தூத்துக்குடிக் கரையோர இறால் பண்ணைகளில் தவிடும் வெல்லமும் சேர்த்து பாசில்லஸைப் பெருக்கிக் குளத்தில் ஊற்றுகிறார்கள். விப்ரியோ கிருமிக்கு இடம் கொடுக்காமலிருக்க. ஆன்டிபயாடிக் மிச்சம் தெரிந்தால் ஏற்றுமதி இறால் திரும்பி வரும் என்ற பயம் இந்தப் பழக்கத்துக்கு உதவியது. சந்தையில் கிடைக்கும் எல்லாப் பாக்கெட்டிலும் சொன்ன பாக்டீரியா சொன்ன எண்ணிக்கையில் இருப்பதில்லை என்பது இதன் பலவீனம். சூடோமோனாஸ் பைக்கும் அதே கவலை: நாள் ஆக ஆக உயிருள்ளவை குறையும், வெயிலில் கிடந்த பையில் மிச்சம் டால்க் மாவுதான்.

செய்யலாம்

சூடோமோனாஸ் பையின் தேதியையும் உயிருள்ள எண்ணிக்கையையும் விரிவாக்க மையங்கள் சோதித்துக் கொடுக்க வேண்டும். நாற்றங்கால் போடும் வாரத்தில் கையில் இருக்க வேண்டும், கதிர் வந்தபிறகு அல்ல.

சீவலப்பேரிக்கு மேலும் கீழும் ஆற்றுநீரில் எதிர்ப்பு மரபணுக்களைப் பருவந்தோறும் அளக்க வேண்டும். அளக்கத் தெரிந்தவர்கள் அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் இருக்கிறார்கள். நோயாளிகளைத் தெரிந்தவர்கள் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியில். வேர் பாக்டீரியாவைத் தெரிந்தவர்கள் கிள்ளிகுளம் வேளாண் கல்லூரியிலும் அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்திலும். எல்லாம் ஒரே ஆற்றுப் படுகை.

ஒடிசாவில் செய்ததை இந்த மாவட்டத்தின் பிரசவ வார்டுகளிலும், அதே கண்டிப்போடும் அதே கவனத்தோடும், செய்து பார்க்க வேண்டும்.

புதிய ஆன்டிபயாடிக் ஒன்று வரப் பத்தாண்டுக்கு மேல் ஆகலாம். வந்த சில ஆண்டுகளில் கிருமி அதையும் கற்றுக்கொள்ளலாம். நல்ல பாக்டீரியாவை முன்கூட்டியே குடியமர்த்தும் வேலைக்கு அவ்வளவு காத்திருக்க வேண்டியதில்லை. இந்தப் படுகையின் விவசாயிக்கு அந்த வேலை தெரியும். பாபநாசம் அணையைக் கார் சாகுபடிக்குத் திறக்கும் முன்பே அவரையும், மருத்துவரையும், ஆற்று நீரை அளப்பவரையும் ஒரே மேசையில் உட்கார வைக்க ஆட்சியர் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் போதும்.